ஸ்கேன் அறிக்கையும் கர்ப்பிணியின் கவலையும்

கருப்பையிலுள்ள சிசுவை ஒலி அலைகளைக் கொண்டு காணும் முறையை, கிளாஸ்கோ நகரின் டாக்டர் ஐயன் டொனால்டும் அவருடைய சகாக்களும் 1958-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவப் பத்திரிகையில் விளக்கினர். இன்று நம் நாட்டின் சிறு நகரங்களிலும் இச்சோதனை நடைபெறுகிறது. ஆயினும் அதன் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தரப்படுகிறது. எட்டாம் மாதத்தில் அதைப் பெற்று ஊர் திரும்பும் பெண், தடித்த எழுத்திலுள்ள ஒரு வரியின் பொருளை அறியப் பள்ளி ஆசிரியரிடமோ ஆஷா ஊழியரிடமோ வந்து நிற்கிறாள். அன்றிரவு அவள் உறங்குவதும் உறங்காததும் பெரும்பாலும் அவர்கள் கூறும் முதல் வார்த்தையைப் பொறுத்ததே.

அறிக்கையில் காணும் எண்கள் மதிப்பீடுகள் என்பதை முதற்கண் உணர வேண்டும். சிசுவை யாரும் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் முதலியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தின் மூலம் எடை கணிக்கப்படுகிறது. இக்கணிப்பு நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 2,000 கிராம் என்று எழுதப்பட்ட குழந்தை 1,700 கிராமாகவும் இருக்கக்கூடும். 2,300 கிராமாகவும் இருக்கக்கூடும். ஆகவே வளர்ச்சி குறைவு என்ற ஐயம் எழுந்தால், டாக்டர்கள் தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும் விதத்தை டாப்ளர் முறையால் சோதிப்பதுடன், ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துச் சிசுவை மீண்டும் அளந்தும் பார்க்கின்றனர்.

சில சமயம் குறை சிசுவினிடத்தில் இராது, தேதியில் இருக்கும். கடைசி மாதவிலக்கு நாளைப் பண்டிகையையோ அறுவடையையோ வைத்து நினைவுகூர்வோர் பலர். முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேன், கர்ப்ப காலத்தை ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் சரியாகக் காட்டும். கடைசி மூன்று மாதங்களில் எடுப்பதோ மூன்று வாரம் வரை தவறலாம். புதிய அறிக்கையில் பிரசவத் தேதி மாறியிருந்தால், முதல் ஸ்கேன் காட்டிய தேதியே பொதுவாகக் கொள்ளத்தக்கது. அந்தப் பழைய தாளைப் பத்திரப்படுத்தச் சொல்வதைவிடச் செலவில்லாத உதவி வேறில்லை.

‘கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது’ என்ற வரியே வீட்டாரை மிகவும் நடுங்கச் செய்வது. நாலைந்து பிரசவங்களில் ஒன்றில் இவ்வாறு காணப்படுகிறது. பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. கருவிலுள்ள சிசு மூக்கினால் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு கொடியின் வழியே வருகிறது. தலை மேலிருப்பதும் இத்தகையதே: 28-ஆம் வாரத்தில் நான்கில் ஒரு சிசு இவ்வாறு இருந்தாலும், பிரசவ காலத்தில் நூற்றுக்கு மூன்று நான்கே அவ்வாறு எஞ்சுகின்றன.

நஞ்சுக்கொடி தாழ்ந்திருப்பது மட்டும் வேறு வகை. ஐந்தாம் மாதத்தில் தாழ்ந்திருந்தது, கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே விலகிவிடும். 36-ஆம் வாரத்திலும் அது கருப்பை வாயை மூடியிருந்தால் அறுவைப் பிரசவமே வழி. அப்பெண்ணைக் கிராமத்தில் எவரும் உள்ளே கைவைத்துப் பரிசோதிக்கலாகாது. ரத்தம் தருவோரை முன்னரே கண்டறிந்து, ஆஸ்பத்திரிக்கு அருகில் அவளைத் தங்கவைத்தல் நலம்.

“ஒன்றுமில்லை, பயப்படாதே அம்மா” என்று சொல்லி அனுப்புவது எளிது. பின்னர் ஏதேனும் இருப்பதாகத் தெரிந்தால், அந்த ஊழியரின் சொல்லை அவள் என்றும் நம்பமாட்டாள். டாக்டர் கூறியது என்ன, அடுத்த சோதனை எந்த நாள், எந்த அறிகுறி தோன்றினால் அதற்கு முன்பே வரவேண்டும் என்ற மூன்றையும் அவளிடமே கேட்டு, விடை தெரியாதவற்றை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தனுப்புவது மேல். கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் இப்படியாயிற்று என மாமியார் குறைகூறும் வீடுகள் நாடெங்கும் உண்டு. கணவரையும் மாமியாரையும் உடன் அமர்த்தி, இதில் அவள் குற்றம் ஏதுமில்லை என்று விளக்குவது மருந்துக்கு ஒப்பான பயன் தரும். உறக்கமும் உணவும் தொடர்ந்து கெடுமாயின் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அடுத்த சோதனைக்குக் காத்திருக்கும் நாட்களில் சிசுவின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் கண்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, கடுந்தலைவலியுடன் பார்வை மங்கினாலோ, குறித்த தேதிவரை காத்திராமல் அன்றே, இரவாயினும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வண்டியும் அங்குள்ள சோதனைகளும் கர்ப்பிணிகளுக்கு இலவசம். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் டாக்டர்கள் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடு 2016 முதல் இருந்துவருகிறது. பழைய அறிக்கைகள் அனைத்தையும் அன்று உடன் கொண்டுசெல்வது அவசியம்.