மழலைக்கு வேண்டுவனவும் பிறர் காண வாங்குவனவும்
(இல்லறத்தார்க்கான பாடம்: போகோபபோக பரிமாணம்)

இல்லறத்தார் மேற்கொள்ள வேண்டிய விரதங்கள் பன்னிரண்டு என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. இவற்றின் பெயர்களை ஒப்பித்தல் எளிது. வீட்டின் எந்த மூலையில், எந்த வேளையில் அவை செயற்படுகின்றன என்று கண்டுகொள்வதே கல்வி. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், குணவிரதங்களுள் இரண்டு நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகின்றன. அவ்விரண்டையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

1. போகமும் உபபோகமும்

ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும், நாம் துய்க்கும் பொருள்களை இரண்டாகப் பகுக்கின்றன. ஒருமுறை துய்த்தவுடன் கழிந்துபோவது போகம். உணவு இதற்கு எடுத்துக்காட்டு. மீண்டும் மீண்டும் துய்க்கத்தக்கது உபபோகம். ஆடை இதற்கு எடுத்துக்காட்டு. இவ்விரண்டிற்கும் அளவு வரையறுத்துக் கொள்வதே போகோபபோக பரிமாண விரதம்.

இப்பகுப்பைக் கைக்குழந்தையின் இடுப்புத்துணிக்குப் பொருத்திப் பாருங்கள். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணி உபபோகம். துவைத்து உலர்த்தினால் மறுநாளும் உதவும். அடுத்த குழந்தைக்கும் உதவும். கடையில் வாங்கும் டயப்பர் ஒருமுறை நனைந்ததும் குப்பை. தேவை ஒன்றே. எனினும் உபபோகமாக இருந்த பொருள் போகமாக மாறிவிட்டது. வணிகத்தின் வளர்ச்சி பெரும்பாலும் இம்மாற்றத்திலேயே அடங்கியுள்ளது. ஆகவே எந்தப் பொருளை வாங்கும்போதும், “இது போகமா, உபபோகமா?” என்று முதலில் கேட்டல் வேண்டும்.

2. இராஜபாளையத்துப் பஞ்சு

குழந்தையின் மெல்லிய தோலுக்குப் பெரிய நிறுவனத்தின் துணியே ஏற்றது என்னும் எண்ணம் இளம்பெற்றோரிடம் வேரூன்றியுள்ளது. மென்மை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய இராஜபாளையம் வட்டாரம் நல்ல சான்று. அங்கு 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லை நிறுவினார். 1939-இல் மருத்துவப் பஞ்சுக்கென்றே இராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தோன்றியது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்யப்பெறும் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. புண்ணின்மேல் இடுவதற்கு ஏற்ற துணி, பருத்தியாலும் நெசவாலும் வெளுப்பாலும் ஆவதே தவிர, விளம்பரத்தால் ஆவதன்று.

ஓர் எச்சரிக்கை. பேண்டேஜ் துணியை அப்படியே குழந்தைக்குக் கட்டலாகாது. அதன் நெசவு மிகத் தளர்வானது. பிரிந்த நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கக்கூடும். நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணியே தக்கது. அதைத் தெரிந்தெடுக்க மூன்று சோதனைகள் போதும். ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்தினால், பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணிபோல் இறுகும். துவைத்த துணியின்மீது ஒரு துளி நீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். ஓரம் மடித்துத் தைக்கப்பட்டு, நூல் தொங்காதிருக்க வேண்டும். புதுத்துணியாயின் இரண்டு மூன்று முறை அலசி, கஞ்சி நீக்கிய பின்னரே குழந்தைக்கு உடுத்துக. பாட்டியின் பழைய நூற்சேலை இச்சோதனைகள் யாவற்றிலும் தேறும். அதுவே தூளிக்கும் உதவும்.

3. ஸ்ரீவில்லிபுத்தூர் தரும் குறிப்பு

பெயருக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் பெயர் எதற்குப் பிணை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இராஜபாளையத்தின் அண்டை ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்ன ஊரில், இன்ன முறையில், பாலும் சர்க்கரையும் கொண்டு ஆக்கப்பட்டது என்பதற்கு அப்பெயர் பிணை. அதுபோன்றே, விளையாட்டுப் பொருளின்மேல் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை பாதுகாப்புக்குப் பிணை. 2021 முதல் அது கட்டாயம். விளம்பரத்தால் மட்டும் பெருகிய பெயரோ, நாம் அதற்குக் கொடுத்த விலைக்குத்தான் பிணை நிற்கிறது. (பால்கோவாவைக் குழந்தைக்கு ஊட்டிவிட வேண்டா. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காதிருப்பதே நலம்.)

4. ஒரு வீட்டுக் கணக்கு

நாளொன்றுக்கு ஆறு டயப்பர், ஒன்றின் விலை 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 1,800 ரூபாய். ஆண்டுக்கு 21,600 ரூபாய். இனி 120 செ.மீ. அகலமுள்ள துணி 9 மீட்டர் வாங்கி, 60 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 30 துணிகள் கிடைக்கும். மீட்டர் 80 ரூபாய் எனின் 720 ரூபாய். சோப்பிற்கு மாதம் 200 வீதம் 2,400 ரூபாய். ஆக ஆண்டுச் செலவு 3,120 ரூபாய். எஞ்சுவது 18,480 ரூபாய். உங்கள் ஊர் விலையை இட்டு இக்கணக்கை நீங்களே மீண்டும் செய்து பாருங்கள்.

துவைக்கும் உழைப்பு யாருடையது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளை பெற்ற உடலுடன் தாய் ஒருத்தியே துவைக்க வேண்டுமெனின், அச்சிக்கனம் அறமாகாது. தகப்பனும் பாட்டனாரும் துணி அலசுவதில் இழிவொன்றும் இல்லை. மேலும், பரிமாணம் என்றால் அளவு. முழுத்தடை என்பது பொருளன்று. பயணத்திலோ, தாய் நோயுற்ற நாளிலோ, இரவு வேளையிலோ டயப்பர் உதவுமாயின் பயன்படுத்தலாம். இரவுக்கு ஒன்று என்று வரையறுத்தால், மேற்கண்ட விலைப்படி ஆண்டுக்கு 3,600 ரூபாய்தான் கூடும். அவ்வரையறையை முன்னதாகவே உறுதி செய்துகொள்வதே விரதம்.

5. எரிப்பதும் எறிவதும்

இரண்டாவதாக நோக்க வேண்டுவது அனர்த்ததண்ட விரதம், அதாவது பயனின்றிச் செய்யும் தீங்கிலிருந்து விலகல். வீணே நிலத்தை அகழ்தல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாத சரியை என்று இரத்தினகரண்டகம் கூறுகிறது. டயப்பரில் மரக்கூழும், நீரை ஈர்த்துக் கூழாகும் வேதிப்பொருளும், பிளாஸ்டிக் மேலுறையும் உள்ளன. அதனை எரித்தால் நச்சுப்புகை. ஓடையில் எறிந்தால் நீர்வாழ் உயிர்களுக்குத் துன்பம். புதைத்தால் மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதனைச் சுகாதாரக் கழிவு என்று தனியே வகுத்து, சுற்றிக் கட்டிக் கொடுக்குமாறு பணித்தன.

துணி தானாகவே குற்றமற்றதாகிவிடும் என்று எண்ணவும் வேண்டா. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுக் காலத்திற்கு டயப்பரால் சராசரியாக 550 கிலோவும், துவைத்துப் பயன்படுத்தும் துணியால் 570 கிலோவும் கரியமிலவாயுவுக்கு நிகரான மாசு உண்டாவதாகக் கணக்கிட்டனர். வெந்நீரும் மின்னுலர்த்தியும் அதற்குக் காரணம். துணியைக் கொடியில் உலர்த்தி, இயந்திரம் நிரம்பத் துவைத்து, இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால் ஏறத்தாழ 200 கிலோ குறையும் என்றும் அவ்வாய்வே கூறியது. நம் ஊர் வெயிலோ விலையின்றிக் கிடைக்கிறது!

6. பெயருக்காகக் கொடுத்த உயிர்

துணியில் பிழை நேர்ந்தால் பணம் போகும். உணவில் நேர்ந்தால் உயிர் போகும். பால்மாவு நிறுவனங்கள் ஏழை நாடுகளில் செய்த விளம்பரத்தால், தாய்மார் பலர் தாய்ப்பாலை விடுத்து மாவை நாடினர். விலை கட்டுப்படியாகாமையால் மாவைக் குறைத்து நீரைக் கூட்டினர். தூய நீரும் இல்லை. குழந்தைகள் மெலிந்தனர், வயிற்றுப்போக்கால் இறந்தனர். இதனை எதிர்த்து 1977-இல் நெஸ்லே நிறுவனப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் எழுந்தது. 1981-இல் உலக சுகாதார மன்றம் பால்மாவு விற்பனைக்கான நெறிமுறையை ஏற்றது. இந்தியாவில் 1992-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. 2003-இல் அது திருத்தப்பட்டது. பால்மாவு, புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தை அச்சட்டம் தடுக்கிறது. பால்மாவு டப்பாவின்மேல் குழந்தையின் படமும் கூடாது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், நீரும் வேண்டா. பிறந்தவுடன் சேனை வைக்கும் வழக்கத்தில் தேன் கொடுப்போர் உண்டு. தேனை விலக்குவது நம் மூலகுணங்களுள் ஒன்று. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் கொடிய நச்சுநோய் உண்டாகலாம் என்று மருத்துவமும் விலக்குகிறது. மருத்துவர் அறிவுரைப்படி பால் புகட்ட நேர்ந்தால், புட்டியினும் பாலாடையே தூய்மை செய்ய எளிது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் பாலாடையால் புகட்டுகின்றனர்.

ஆறு மாதத்திற்குப் பின் கேழ்வரகுப் பால்கூழும், அரிசி பாசிப்பருப்புக் கஞ்சியும் ஏற்றவை. முளைகட்டிய தானியத்தை விலக்கும் நம் இல்லங்களில், தானியத்தைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வறுத்துத் திரித்துக் கொள்ளலாம். டப்பா உணவில் பெயரைப் பாராமல் பொருட்பட்டியலைப் பாருங்கள். இந்தியாவில் விற்ற செரலாக் வகைகளில், ஒரு வேளை உணவுக்குச் சராசரி 2.7 கிராம் சேர்த்த சர்க்கரை இருந்ததாகச் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு 2024 ஏப்ரலில் அறிவித்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே நிறுவனம் விற்றவற்றில் அது இல்லை என்றும் சுட்டியது. சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருவதாக நெஸ்லே விடையளித்தது. அவ்வாண்டிலேயே வெண்சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளீடு ஊருக்கு ஊர் வேறுபட்டதே இங்குக் கற்க வேண்டுவது.

7. எதில் சிக்கனம் கூடாது?

தடுப்பூசி, மருத்துவரின் ஆலோசனை, தாயின் உணவு ஆகிய மூன்றிலும் கைச்சுருக்கம் ஆகாது. தடுப்பூசிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடப்படுகின்றன. வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமைந்த உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமே தேவை. அவ்வளவில் அமையாத இனிப்புப் பானங்களும் ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரைச் சூடி விற்கப்பட்டமையால், அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது.

அறவே வேண்டாதவையும் உண்டு. குழந்தைக்குப் பவுடர் பூசுவதால் நலம் ஏதுமில்லை. நுண்துகள் மூச்சில் புகும். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை 2023-இல் உலகெங்கும் நிறுத்துவதாக 2022-இல் அறிவித்தது. குழந்தையை உள்ளே அமர்த்தி உருளவிடும் வாக்கரைக் கனடா நாடு 2004-இல் தடை செய்தது. படிக்கட்டில் உருண்டு விழுந்த விபத்துகளே காரணம். நம் தச்சர் செய்யும் மூன்று சக்கர நடைவண்டியில், குழந்தை தன் காலில் நின்று தள்ளிப் பழகுகிறது.

8. கொடுப்பதிலும் அளவு

பின்லாந்து நாட்டில் 1938 முதல் வறிய தாய்மார்க்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்க்கும் அரசு குழந்தைப் பெட்டகம் வழங்கியது. செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் எளியவர் வீட்டுக் குழந்தைக்கும் ஒரே பெட்டி. தமிழ்நாட்டில் 2015-இல் தொடங்கப்பெற்ற குழந்தைகள் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. மதிப்பு 1,000 ரூபாய். துண்டு, சட்டை, சிறு மெத்தை, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம் என அமைந்த அப்பட்டியலே, பிறந்த குழந்தையின் தேவை எவ்வளவு சிறிது என்பதற்குச் சான்று.

வளைகாப்பு, பெயர்சூட்டு விழாக்களில் விலையுயர்ந்த பரிசு தருவது பெருமை என்று கருதுகிறோம். அப்பரிசு எளிய உறவினர்க்குக் கடனாகவே அமைகிறது. அவர்களும் பிறர் காணக் கடன்பட்டு வாங்குகின்றனர். குழந்தையோ பெட்டியின்மேல் உள்ள பெயரைப் படிப்பதில்லை. பத்து நூல்துணிகளைத் தைத்துக் கொடுக்கும் சித்தி, நன்கு துவைத்த சட்டைகளை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பும் அண்ணி ஆகியோரே உபபோகத்தின் பொருளை உணர்ந்தவர்கள். எஞ்சிய பணத்தில் ஒரு பகுதி ஔடத தானத்திற்கும் சாத்திர தானத்திற்கும் செல்லுமாயின், குழந்தையின் முதல் ஆண்டிலேயே அதன் பெயரால் அறம் தொடங்கிவிடும்.

பயிற்சி (குடும்பத்தார் கூடிச் செய்க)

1. வீட்டிலுள்ள குழந்தைப் பொருள்களைப் போகம், உபபோகம் என இரு பட்டியலாக எழுதுக.
2. ஒவ்வொன்றின் எதிரிலும், அது குழந்தையின் உடலுக்கு உதவுகிறதா, நம் மதிப்புக்கு உதவுகிறதா என்று குறிக்க.
3. இனி வாங்குவனவற்றுக்கு ஒரு மாத அளவை வரையறுத்து, அம்மாதம் முழுதும் காத்து வருக.
4. எஞ்சிய தொகையைக் கணக்கிட்டு, அது எந்தத் தானத்திற்கு உரியது என்று வீட்டில் கலந்து முடிவு செய்க.

அளவறிந்து வாழும் வீட்டில் வளரும் குழந்தைக்கு, ஐந்தாம் அணுவிரதத்தைப் பின்னாளில் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. அருகன் நெறி வாழ்க.