சர்க்கரை உள்ள வீட்டில் காய்ச்சல் வந்தால்



2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது ஒன்றைக் கண்டோம். நோய் பலருக்கும் வந்தது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கியது. ஏன்?

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் வலு குறையும். காய்ச்சலோ சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும். அப்போது கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்தும் சர்க்கரையை உயர்த்தும். 2021-இல் கரும்பூஞ்சை நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் நீரிழிவுக்காரர்களே.

"சோறே இறங்கலை, மாத்திரை எதுக்கு?" என்பார் கணவர். அம்மா, அப்படியே விட்டுவிடாதீர்கள்! சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறலாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைப் பார்த்து, மாத்திரையைப் பற்றி டாக்டரைக் கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். கஞ்சியும் தண்ணீரும் அடிக்கடி கொடுங்கள். மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மயக்கம் கண்டாலோ 108-ஐ அழையுங்கள்.

ஐயா, கர்ப்பகாலத்தில் உங்கள் மனைவிக்குச் சர்க்கரை இருந்ததா? பிரசவத்தோடு போச்சு என்று இருந்துவிடாதீர்கள். பின்னாளில் திரும்பி வரலாம். ஆண்டுக்கொரு முறை அவரையும் சோதனைக்கு அழைத்து வாருங்கள்.

அடுத்த தொற்று சொல்லிக்கொண்டு வராது. சர்க்கரையை இன்றே கட்டுக்குள் வைப்போம்!