மின் கிதாருக்கு ஏற்ற மரம்

வீணையின் குடம் பலாமரத்தில் குடையப்படுகிறது. அதன் உள்வெளியே நாதத்தைப் பெருக்குகிறது. குடைவில்லாத மின் கிதாரில் அப்பணி ஒலிபெருக்கியுடையது. அங்கே மரத்தின் முதற்கடமை, ஆறு கம்பிகளின் ஏறத்தாழ 45 கிலோ இழுப்பை வளையாது தாங்குவதாகும். ஆதலின் முதற்கிதார் செய்யும் மாணவர் மரத்தின் விலையைவிட உலர்வையே நோக்கல் வேண்டும்.

1963-இல் பிரையன் மே என்னும் இலண்டன் பள்ளி மாணவர், தம் தந்தையுடன் ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்தாக அமைந்தது, பழைய கணப்படுப்பின் மேற்சட்டம்! பின்னர் 'குயின்' குழுவின் மேடைகளில் முழங்கியதும் அக்கிதாரே.

புணேயில் நமக்கும் அவ்வாய்ப்பு உண்டு. பழைய வாடா வீடுகள் இடிக்கப்படும்போது, நெடுங்காலம் உலர்ந்த தேக்குச் சட்டங்கள் விற்பனைக்கு வருகின்றன. காந்தத்தால் தடவி, உள்ளே ஆணி இல்லையென உறுதி செய்து வாங்குக. தேக்கின் எண்ணெய்ப்பசை கோந்தைப் பிடிக்க விடாது. ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

பவானி பேட்டை மரக்கடைகளில் புதுப்பலகை வாங்குவோர், உடலுக்கு எடை குறைந்த தூன் மரத்தைத் தேரலாம். கழுத்துக்கு, முடிச்சில்லாமல் ரேகை நேராக ஓடும் கடினமரம் வேண்டும். நண்பர்களே, பலகையை அறையில் வைத்து வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பின்னரே அறுங்கள். ஈரமரத்தில் செய்த கழுத்து முறுகிவிட்டால், பணத்தோடு பல மாத உழைப்பும் பாழாகும்.