இணையமும் இல்லமும்

நம் நாட்டில் 1995 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பட்டது. அக்காலத்தில் கணிப்பொறி இருந்த வீடுகள் மிகச் சில. 2020 ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைப்பேசி வழியே வீடு தேடி வந்தன. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. கைப்பேசியோ மாணவியராகிய எங்கள் கையிலேயே தங்கிவிட்டது.

இதனால் விளையும் நன்மைகள் யாவரும் அறிந்தவையே. வகுப்பில் விளங்காத கணக்கை மீண்டும் கேட்டுத் தெளிகிறோம். ஆயினும் தீமையும் அதே வழியில்தான் வருகிறது. இன்ஸ்டாகிராம் முதலியவற்றில் 13 வயது நிரம்பாதோர் கணக்குத் தொடங்கக் கூடாது என்பது விதி. பிறந்த ஆண்டை மாற்றி எழுதி நுழைவோர் எங்களுள்ளும் உண்டு.

தீயவன் தீயவனாக வருவதில்லை. விளையாட்டில் உடன் ஆடும் 'அக்கா'வாக வருகிறான். புகழ்கிறான், ரகசியம் காக்கச் சொல்கிறான், ஒரு படம் கேட்கிறான். படம் சென்றதும் மிரட்டல் தொடங்குகிறது.

அப்பொழுது நாங்கள் ஏன் வீட்டில் சொல்வதில்லை? கைப்பேசியைப் பறித்துவிடுவார்கள், படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சந்தான் காரணம். மிரட்டுபவனுக்கு அந்த அச்சமே ஆயுதமாகிறது.

ஆகவே அன்புப் பெற்றோரே, எங்கள் வேண்டுகோள் இவை. இரவில் எல்லாக் கைப்பேசிகளும், உங்களுடையவை உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். எங்கள் கணக்கை அறிமுகமில்லாதவர் காணாதபடி பூட்டுவதற்கு எங்களோடு அமர்ந்து உதவுங்கள். "பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்பதுபோல், "இன்று யாருடன் விளையாடினாய்?" என்றும் கேளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, "எது நேர்ந்தாலும் சொல், உன்னைக் கடிந்துகொள்ள மாட்டோம்" என்று இன்றே வாக்களியுங்கள்.

துன்பம் நேர்ந்துவிட்டால் மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். செய்திகளை அழிக்கவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான எண் 1930 ஆகியவற்றை அழைக்கலாம். 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உள்ளது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரைச் செய்தித்தாள்கள் வெளியிடுவதையும் அது தடுக்கிறது. எனவே குடும்பத்தின் பெயர் கெடுமே என்று அஞ்சி வாளாவிருத்தல் தகாது.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. ரகசியம் காக்கச் சொல்பவர் எவராயினும், அதை அன்றே அம்மாவிடம் சொல்லிவிடுவோம்.