கறிவேப்பிலைக்கு ஒரு பென்சில்

கேரளத்தின் வித்துராவில் ஜூன் பிறந்துவிட்டால் கொடியில் துணி காயாது. ஆனால் வேலியோரத்தில் புதுசு புதுசாக ஏதாவது முளைத்துக்கொண்டே இருக்கும். செடி வரைகிற ஆசை இருந்து, செலவு செய்ய யோசிப்பவர்களுக்குச் சில வழிகள்:

1. முதல் பாடத்துக்குக் கறிவேப்பிலையே போதும். தாளிக்கப் போடுமுன் ஒரு ஈர்க்கை வரைந்து பாருங்கள், இலைகள் ஜோடி ஜோடியாக இல்லாமல் மாறி மாறி நிற்கும். இருபது வருஷமாக உருவிய கைதான், பென்சில் பிடித்த அன்றுதான் எனக்கே இது தெரிந்தது!

2. பறித்த பூ சீக்கிரம் துவண்டுவிடும். ஈரத்துணி விரித்த டிபன் பாக்ஸில் மூடிவைத்தால் சமையல் முடிந்து வரும்வரை வாடாது. செம்பருத்தியை மட்டும் காலையிலேயே முடித்துவிடுங்கள், சாயங்காலம் சுருண்டுகொள்ளும்.

3. நமுத்த தாளில் ரப்பர் வைத்தால் கிழியும். தாள் நமுக்காமலிருக்க ஒரு பிடி அரிசியை வெறும் வாணலியில் வறுத்து, ஆறியதும் துணியில் முடிந்து, நோட்டோடு பாலிதீன் கவரில் போட்டு வையுங்கள்.

4. பழைய தையல் டேப்பில் 15 செ.மீ. வெட்டி நோட்டின் அட்டையில் ஒட்டிவிடுங்கள். ஸ்கேல் தேட வேண்டாம்.

5. நரம்பு வரைய வரவில்லையா? இலையைக் குப்புறப் போட்டு, மேலே மெல்லிய தாள் விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மிளகு இலையில் நரம்புகள் காம்புப் பக்கத்திலிருந்தே வளைந்து கிளம்பும், பலா இலையில் நடுநரம்பிலிருந்து வரிசையாகப் பிரியும். தேய்த்துப் பார்த்தபின் கை தானாக வரும்.

6. வெள்ளிலைச் செடியில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது இலையுமல்ல, பூவிதழுமல்ல, பெரிதாகிவிட்ட புல்லி இதழ். நிஜப் பூ பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் பொடிசாக இருக்கும். வெள்ளையை அப்படியே தாளாக விட்டுச் சுற்றிலும் பச்சை தீட்டுங்கள், பெயிண்டும் மிச்சம்.

7. காய்ந்த இலைக்குக் கெட்டியான டீ டிகாஷன், சிவப்புக்குக் கசக்கிய தேக்குத் தளிர், நீலத்துக்குச் சங்குப்பூச் சாறு. அந்தச் சாற்றில் எலுமிச்சை ஒரு சொட்டு விட்டால் ஊதா! வெளிச்சம் பட்டால் வெளுக்கும், நோட்டை மூடியே வையுங்கள்.

8. பேப்பாறை சரணாலயத்திலும் பொன்முடிக் காட்டிலும் எதையும் பறிக்கக் கூடாது, செடியிருக்கும் இடத்திலேயே உட்கார்ந்து வரையுங்கள். அட்டை ஏறினால் பிய்த்து இழுக்க வேண்டாம், கையில் உப்பு முடிச்சு இருந்தால் தொட்டதும் விழுந்துவிடும்.

9. பெயர் தெரியாத செடியா? படத்தை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள், புத்தகம் வாங்கும் காசு மிச்சம். பாலோட்டில் 1979-ல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தின் விஞ்ஞானிகளே, காணிப் பழங்குடி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்துதான் ‘ஜீவனி’ மருந்தைச் செய்தார்கள்.

10. படத்தின் ஓரத்தில் தேதி, இடம், உங்கள் பெயர் மூன்றையும் போடுங்கள், கூச்சம் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காகத் தென்னிந்தியச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும், அவர்களில் கோவிந்துவின் பெயரை வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். எழுதுவது பென்சிலாலேயே இருக்கட்டும், நம் ஊர்ச் சாரலில் பேனா மை பரவிவிடும்.