ஓர்க்குக்கு அரக்கன் என்று பெயர் வைத்தால் போதாது

கல்முனைப் பக்கத்துப் பொடியன்கள் ரோல்பிளே விளையாட்டுக்கு உலகம் அமைக்க உட்கார்ந்தால் முதலில் ஒரு வரைபடம் கீறுகிறார்கள். வடக்கே பனிமலை, நடுவில் கற்கோட்டை, கிழக்கே இருண்ட காடு. ஓர்க்குக்கு அரக்கன் என்றும் டிராகனுக்கு நாகராசன் என்றும் பெயரை மாற்றிவிட்டு, தமிழ் உலகம் தயார் என்கிறார்கள். ஆட்டம் தொடங்கி அரை மணித்தியாலத்தில் எல்லோரும் ஒரு தவறணையில் உட்கார்ந்து, தாடிக்காரக் கிழவர் ஒருவரிடம் வேலை கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாய்ந்தமருதில் ஏது தவறணை?

விளையாட்டின் அடிப்படை தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கதை நடத்துனர், பாத்திரத் தாள், உயிர்ப்புள்ளி எல்லாம் என்னவென்று கேட்பவர்கள் யாராவது நடத்தும் ஆட்டமொன்றில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

முதல் வேலை பட்டியல். பழகிய மரபுகளை ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது மேசையில் செய்யும் வேலையை எழுதுங்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது டோல்கீனிடமிருந்து ஹொபிட்டை எடுத்தார்கள். மந்திரத்தை மனப்பாடம் செய்து ஓதி முடித்ததும் மறந்துபோகும் முறையை ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்தார்கள். எடுத்தவை ஒவ்வொன்றும் மேசையில் ஒரு சிக்கலைத் தீர்த்தன. தவறணை, அறிமுகமில்லாதவர்களை ஒன்றுசேர்த்தது. நிலவறை, எந்தப் பக்கம் போவது என்ற தெரிவுகளைக் குறைத்தது. புதையல், ஆட்களை ஆபத்துக்குள் இழுத்தது. அந்தப் பழைய விதியில் ஒரு தங்க நாணயம் கொண்டுவந்தால் ஒரு அனுபவப் புள்ளி. அந்த வேலையை நம் கரையில் எது செய்யும் என்று தேடுங்கள். பெயரைத் தேடாதீர்கள்.

நிலவறையை எடுத்துக்கொள்வோம். கல்முனையிலிருந்து ஒலுவில் வரை மணல். சில அடி தோண்டினால் கிணற்றுத் தண்ணீர். இங்கே நிலவறை கட்டும் மன்னன் நீச்சல் தெரிந்தவனாக இருக்கவேண்டும். நிலவறையின் வேலை என்ன? இருட்டு, குறைந்த வாசல்கள், குறைந்துகொண்டே போகும் தீப்பந்தம். இதை ஆழ்கடல் படகு இன்னும் நன்றாகச் செய்யும். பல நாள் படகில் ஏற்றிய ஐஸ் கரையத் தொடங்கியதும், திரும்புவதா இன்னொரு இரவு வலை போடுவதா என்று ஆட்கள் தாங்களாகவே சண்டை பிடிப்பார்கள். ஐஸ் இருந்தால் அது மத்தியகாலம் ஆகாதே என்று சிலர் கேட்பார்கள். ஆகவேண்டாம். மத்தியகாலம் ஐரோப்பாவினுடையது, உங்கள் மந்திர உலகத்தில் டீசல் இருந்தால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

ஒரு பொருளை எடுத்துவிடுவதும் நல்ல வழி. 1975இல் எம். ஏ. ஆர். பார்க்கர் வெளியிட்ட டெகுமெல் உலகத்தில் உலோகம் அரிது. ஆயுதமும் கவசமும் ஒரு விலங்கின் தோலிலிருந்து செய்யப்படுகின்றன. நம் கரையில் கல்லை எடுத்துவிடுங்கள். கோட்டையும் கோபுரமும் தாமாகவே போய்விடும்.

இனித்தான் எல்லோரும் இடறும் இடம்: ஆட்கள்.

ஐரோப்பிய வீரன் அநாதை. உம்மா வாப்பா இல்லை, ஊர் எரிந்துவிட்டது, கையில் வாள். அவனைப் போல இன்னும் மூன்று பேர் சேர்வதற்குத்தான் தவறணை தேவைப்பட்டது. நம்மூரில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி “நீங்க ஆர்ர மகன்?” இரண்டாவது கேள்விக்குள் உறவு வெளிவந்துவிடும். அக்கரைப்பற்று முதல் மருதமுனை வரை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி உம்மா வழியில் வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை என்பது பழைய வழக்கு. பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் இருந்தார்கள். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். அந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. சகோதரிக்கு வீடு கட்ட நானாமார் தோணியிலும் வட்டையிலும் உழைத்தார்கள். பிறகு கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள்.

இதைச் சொன்னவுடன் பொடியன்கள் துள்ளிக் குதித்துச் செய்யும் முதல் காரியம், குடியை எல்ஃப், ட்வார்ஃப் ஆக்குவது. இந்தக் குடிக்குப் பலம் இரண்டு கூட, அந்தக் குடிக்கு அறிவு இரண்டு கூட. செய்யாதீர்கள். பிறப்பிலேயே திறமையை ஒட்டவைக்கும் அந்த எண்ணை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே 2024 பதிப்பில் பிறப்பிலிருந்து கழற்றி, பாத்திரம் வளர்ந்த பின்னணியோடு சேர்த்துவிட்டது. அவர்கள் கைவிட்டதை நாம் பொறுக்கவேண்டாம். குடி ஒருவனுக்குத் திறமை தராது. கதவுகளைத் தரும், கடன்களைத் தரும். அதற்கு விதி எழுதுங்கள்.

என் விதி இப்படி. பாத்திரத் தாளின் தலையில் பெயருக்கு முன்னால் நான்கு வரி: உம்மாவின் குடி, பிறந்த வீடு, போகப்போகும் அல்லது போன வீடு, கலியாணமாகாத சகோதரிகள் எத்தனை பேர். ஒவ்வொரு சகோதரிக்கும் முடியாத வீடொன்று. அத்திவாரம், சுவர், கூரை என்று மூன்று கட்டம். தங்கத்துக்குப் பதிலாக இந்தக் கட்டங்கள்தான் அனுபவம். கூரை ஏறினால் பாத்திரம் ஒரு படி உயரும். பிறந்த வீட்டில் உதவி கேட்டால் இலவசம், ஆனால் ஒரு ஆட்டத்தில் ஒரு தரம்தான். மனைவி வீட்டில் எத்தனை தரமும் கேட்கலாம். ஒவ்வொரு தரமும் மாமியின் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். ஐந்து புள்ளி ஏறியதும் மாமி ஒரு வேலை சொல்லுவார், மறுக்க முடியாது. தாடிக்காரக் கிழவரை விட மாமி நூறு மடங்கு நல்ல வேலை கொடுப்பார், நடித்துப் பாருங்கள்.

இன்னொரு சின்ன விதி, விட்டுவிடாதீர்கள். மேசையில் ஒரே குடிக்காரர் ஒருவரையொருவர் நானா, தம்பி, ராத்தா, தங்கச்சி என்று கூப்பிட வேண்டும். வேறு குடியென்றால் மச்சான், மச்சி. பாத்திரப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு புள்ளி போகும். மச்சான்மார் கிண்டல் பண்ணலாம், நானா தம்பி பண்ணமுடியாது. இது ஒன்றே பாதி நடிப்பைக் கொண்டுவந்துவிடும்.

குடிப் பெயர்களை நீங்களே உண்டாக்குங்கள். உண்மையான உள்ளூர்ப் பெயரைப் போட்டுவிட்டு, கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் தாளை மறந்து வைத்துவிட்டு வராதீர்கள்.

அடுத்த இடறல், வீடு பெண்ணுடையது என்றதும் அரசிகளும் பெண் போர்வீரர்களும் ஆளும் நாடு ஒன்றை எழுதுவது. வளவு பெண்ணின் பெயரில் இருந்தது, பள்ளி நிருவாகம் ஆண்களிடம் இருந்தது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் கதை கிடக்கிறது. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். அதற்கப்பால் உள்ளே கட்டிக்கொடுத்த பல புது வீடுகளின் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் ஆணின் பெயர் விழுந்தது. உம்மாவின் உம்மாவிடமிருந்து வந்த வீடு ஒரு படிவத்தில் வழிமாறியது. எந்த ஓர்க் படையும் இவ்வளவு சத்தமில்லாமல் ஒரு ஊரைப் பிடித்ததில்லை. உங்கள் உலகத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசு மனிதராக இருக்கவேண்டியதில்லை. கடல் வாங்கிய வளவுக்குக் கடலிடமே கையொப்பம் வாங்கவேண்டும் என்று வையுங்கள். நாலு ஆட்டத்துக்குக் கதை ஓடும்.

ஆனால் அலையைக் காட்டாதீர்கள். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் யாருக்கும் பழங்கதை இல்லை. இடிந்த நகரம், மூழ்கிய ஊர் என்ற மரபை எடுக்கும் முன் மேசையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். ஒருவர் தலையாட்டத் தயங்கினாலும் விட்டுவிடுங்கள்.

எதிரிகள். பிறவியிலேயே கெட்ட இனம் என்ற மரபைத் தூக்கி எறியுங்கள். 1990இன் தமிழர்-முஸ்லிம் வன்முறையை நினைவில் வைத்திருக்கும் மாகாணத்தில், பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் கெட்டவன் என்று ஒரு விதியை எழுதி அதற்குப் பகடை போட்டு விளையாடுவது எனக்கு ஒப்பாது. விலங்கு எதிரி வேண்டுமென்றால் யானை இருக்கிறது. கொல்லச் சட்டம் விடாது, விரட்ட யானைவெடி மட்டும், அதுவும் எண்ணித்தான். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022இல் உலகச் செய்தி வந்தது. வயலை அழிப்பதும் அதுதான், நம் குப்பையால் சாவதும் அதுதான். டிராகனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதனால்தான் டிராகன் சலிக்கிறது.

மந்திரத்துக்குக் களவெட்டிக்குப் போங்கள். சூடு மிதிக்கும் களத்தில் பூதம் நெல்லை வாரிக்கொண்டு போகும் என்று பயந்து, வழக்கமான சொற்களை விட்டு வேறு சொற்களைப் பேசினார்கள். வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இந்தப் பக்கத்து வழக்குகளுக்கு நல்ல துணை. 1964இல் வந்த புத்தகம், தேடி எடுங்கள். இதை மேசைக்குக் கொண்டுவருவது எளிது. ஆட்டத்துக்கு முன் நெல், மாடு, சாக்கு, காற்று, வீடு ஆகிய ஐந்துக்கும் ஆளுக்கொரு மாற்றுச் சொல் உண்டாக்குங்கள். களத்துக்குள் இருக்கும்வரை யாராவது பழைய சொல்லைச் சொன்னால் நடுவில் குவித்த புளியங்கொட்டையில் ஒரு பிடி போகும். கதை நடத்துனருக்கும் இதே சட்டம். மந்திரப் பட்டியல் தேவைப்படாது.

ஜின்னுக்கு உயிர்ப்புள்ளி எழுதாதீர்கள். 1992இல் வந்த அல்-காதிம் விளையாட்டுலகம், அரபுக் கதைகளின் ஜின்களை ஏவலாளும் எதிரியுமாக்கி எண் கொடுத்தது. அங்கே அது கற்பனை; இங்கே மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு நம்பிக்கை. ஜின்னைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள் என்பதோடு நிறுத்துங்கள், பயம் கூடும். தெய்வத்திடம் சக்தி வாங்கும் பூசாரி வகையை அப்படியே நீக்குங்கள். காயத்துக்குப் பரிசாரி போதும், பத்தியத்தோடு.

பகடைக்கு வீட்டில் ஆட்சேபணை என்றால் வாதாட வேண்டாம். நானும் மௌலவி இல்லை. ஒன்று முதல் இருபது வரை எழுதிய துண்டுகளைத் தொப்பிக்குள் போட்டு எடுங்கள், கணக்கு மாறாது.

விதிகள் மொத்தம் நான்கு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். எதை வெட்டுவது என்று தெரியாவிட்டால் ஆயுதப் பட்டியலை வெட்டுங்கள்.