விலைப்பட்டியலை வலைப்பக்கத்தில் காட்டுவது எப்படி?



முன்பெல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் கார்பன் வைத்து எழுதிய விலைப்பட்டியல், ராசிபுரம், நாமக்கல் கடைகளுக்குப் பஸ்ஸில் போய்ச் சேரும். இன்று நம் கடையின் வலைப்பக்கத்தில் போட்டுவிட்டால் கடைக்காரர் கைபேசியிலேயே பார்த்துக் கொள்கிறார். அதில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, பட்டியலை வேர்டு கோப்பாக அப்படியே போட வேண்டாம். பிரவுசர் அதைத் தானாகத் திறந்து காட்டாது, இறக்கிக்கொள்ளத்தான் சொல்லும். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் எழுத்துகள் குழம்பிவிடும். ஆகவே எழுத்துருவையும் உள்ளே சேர்த்து, பிடிஎஃப் ஆக மாற்றிக் கொள்ளுங்கள். 1993இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த இம்முறை, 2008இல் சர்வதேசத் தர நிர்ணயமும் பெற்றது.

இரண்டாவது, பக்கத்துக்குள்ளேயே காட்டும் வழி. 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில், மொசில்லா அமைப்பு 2011இல் பிடிஎஃப்.ஜேஎஸ் என்ற இலவச நிரலை வெளியிட்டது. அது சர்வரிலிருந்து கோப்பை வரவழைத்து, எந்த எழுத்து எந்த இடத்தில் என்று படித்து, நாம் ஒதுக்கிய கட்டத்துக்குள் வரைந்து காட்டுகிறது. பக்கம் தயாரித்துத் தருபவரிடம் இப்பெயரைச் சொன்னால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். எங்கள் கோப்பில் முதல் பக்கம் பொது விலை. இரண்டாம் பக்கம் பார்ட்டிவாரி தள்ளுபடி. முதல் பக்கத்தை மட்டும் காட்டும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். இருபது வருட வாடிக்கைக்காரர் ஒருவர் கோப்பையே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அவருக்கு ஒரு வெல, எனக்கு ஒரு வெலயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வரைவது வாடிக்கையாளரின் கைபேசி. ஆகவே கோப்பு அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். டவுன்லோடு பொத்தானை மறைத்தாலும் இதே கதைதான். கல்லாப்பெட்டியைக் கடைவாசலில் வைத்துத் துணி போட்டு மூடினால் காவலாகுமா?

எனவே:

1. பொது விலைக்குத் தனிக் கோப்பு வையுங்கள். பார்ட்டி கணக்கை அதில் சேர்க்காதீர்கள்.

2. குறிப்பிட்டவர் மட்டும் பார்க்க வேண்டியதானால், கடவுச்சொல்லைச் சர்வர் சரிபார்த்த பிறகே கோப்பை அனுப்பும்படி செய்யுங்கள்.

3. கோப்பின் பெயரிலும் பட்டியலின் தலைப்பிலும் தேதி போடுங்கள். பழைய பெயரிலேயே போட்டால், பிரவுசர் சேமித்து வைத்த நேற்றைய விலையே சில நேரம் தெரியும். பில் போடும்போது தகராறு வரும்.

அந்த வாடிக்கைக்காரர் இன்றும் சரக்கு எடுக்கிறார். ஆனால் இப்போது ஒவ்வொரு விலையையும் இரண்டு முறை கேட்கிறார். உங்கள் கடையில் அந்த நிலை வர வேண்டாம். பக்கத்தில் போடும் முன் கோப்பை ஒருமுறை முழுதும் திறந்து பாருங்கள்.